தயாரிப்பு: ப. மங்கையர்க்கரசி

அநியாயம் நடந்தது எனக்கு. செய்தது ஒரு துறை முழுக்க. நான் பாடுபட்டு உருவாக்கிய சிடிக்கு இன்றைக்கு எங்கள் பல்கலைக்கழகத்தில் 'ஃபௌசியா சிடி' என்று பேர். அவ்வளவுதான் அக்கா விஷயம். "மடியில என்னம்மா இப்படிப் பொத்திப் பொத்தி வச்சிருக்கே?" என்று கேட்டீர்களே, அந்த சிடிதான் இது. கையில் வாங்கிப் பாருங்கள். ஓரத்தைப் பிடியுங்கள், பளபளப்பில் விரல் படக் கூடாது. இப்போது திருப்புங்கள். படித்தீர்களா? 'தயாரிப்பு: ப. மங்கையர்க்கரசி, எம்.சி.ஏ. இரண்டாம் ஆண்டு.' தங்க எழுத்து. இதில் ஃபௌசியா எங்கே இருக்கிறாள், சொல்லுங்கள் பார்ப்போம்.

நீங்கள் இறங்குவது சாத்தூர்தானே? நான் சிவகாசி. இந்த பஸ் கோவில்பட்டியில் வேறு நிற்கும். நிதானமாகவே சொல்கிறேன்.

இது பாட்டு சிடி இல்லை, சினிமாவும் இல்லை. இதைப் போட்டு கம்ப்யூட்டரைத் திறந்தால், உள்ளே இருக்கிற விண்டோஸைத் தொடாமலே, சிடியிலிருந்தே இன்னொரு இயங்குதளம் எழுந்து வரும். லினக்ஸ் என்று பேர், யூனிக்ஸ் குடும்பம். சிடியை வெளியே எடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் பழையபடி ஆகிவிடும். ஒரு பைசா செலவில்லை, யாரும் யாருக்கும் நகல் எடுத்துக் கொடுக்கலாம்.

இதற்கு ஏன் இவ்வளவு சண்டை என்று கேட்பீர்கள். எங்கள் துறையில் யூனிக்ஸ் செய்முறைத் தேர்வு எப்படி நடக்கும் தெரியுமா? காகிதத்தில்! லேபில் இருபது கம்ப்யூட்டர், ஒன்றில்கூட யூனிக்ஸ் கிடையாது. பாடத்திட்டத்தில் மட்டும் இருக்கிறது. அதனால் கட்டளையைக் காகிதத்தில் எழுது, அடியில் 'அவுட்புட்' என்று கோடு போடு, கம்ப்யூட்டர் என்ன பதில் சொல்லியிருக்கும் என்பதையும் நீயே எழுது. நீச்சல் போட்டியைக் கரையில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிற மாதிரி. தேதியைக் கேட்கிற கட்டளை ஒன்று உண்டு. அதற்கு என்றோ ஒரு சீனியர் ஒரு தேதி எழுதி வைத்தார். அதற்குப் பின்னால் வந்த ஒவ்வொரு பேட்ச்சும் அதே தேதியை எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறது. அது என்ன தேதி தெரியுமா? ஜனவரி இருபத்தாறு. குடியரசு தினம், அக்கா! பல்கலைக்கழகமே பூட்டிக் கிடக்கிற நாள்! இத்தனை பேராசிரியர்கள் திருத்தினார்களே, ஒருத்தருக்குக்கூட உறைக்கவில்லை.

நான் கேட்டேன். நேராக துறைத் தலைவர் குருபாதம் சாரிடமே போய்க் கேட்டேன். அவரை நல்ல மனிதர் என்பார்கள். எதிலும் தலையிடாதவரை நல்ல மனிதர் என்று சொல்வது நம் ஊர் வழக்கம்.

"சார், ஓடாத மிஷின்ல ஓடினதா எழுதி மார்க் வாங்குறோம். இதுக்கு என்ன பேர் சார்?"

"ஏம்மா, இப்படி எழுதிப் பாஸானவங்க எல்லாம் இன்னிக்கு அமெரிக்காவுல இருக்காங்க."

"அங்கேயும் பேப்பர்லதான் எழுதிக் குடுக்காங்களா சார்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் இல்லாவிட்டால் அவர் கண்ணாடியைத் துடைப்பார். நான் விடவில்லை. தினமும் போனேன். தினமும் துடைத்தார். கடைசியில் ஒரு நாள் சொன்னார்: "சரிம்மா, நீ சொல்ற சிடியைக் கொண்டு வா. மாதிரித் தேர்வு அன்னிக்கு லேப்ல ஓட்டிக் காட்டு. ஓடிச்சுன்னா இந்த வருஷப் பரீட்சை மிஷின்ல. ஓடலைன்னா வழக்கம்போல பேப்பர். அதுக்கப்புறம் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது, யாருமே."

இந்த 'யாருமே' இருக்கிறதே, அதற்கு அர்த்தம் எனக்குப் பின்னால் வருகிறவர்களும் குடியரசு தினத்தையே எழுத வேண்டும் என்பது.

அதற்குள் எங்கள் வகுப்பு ஜெபராஜ் முந்திக்கொண்டான். "நான் கொண்டாரேன் சார்" என்று ஒரு சிடியோடு வந்து நின்றான். போட்டால் விண்டோஸ்தான் வருகிறது. என்ன செய்திருக்கிறான் என்றால், இன்டர்நெட்டில் இறக்கிய ஃபைலை அப்படியே, பாட்டை ஏற்றுகிற மாதிரி, சிடிக்குள் நகல் எடுத்து வைத்திருக்கிறான். அதைப் பிரித்து எழுத வேண்டும், அதற்கென்று தனி முறை இருக்கிறது. சாப்பாடு போடச் சொன்னால் இலையில் அரிசி மூட்டையை இறக்கி வைத்தவன் அவன். "உள்ளதான இருக்கு, ஏன் வரலை?" என்று சிடியைத் தட்டிப் பார்க்கிறான். இவனுக்குத்தான் போன வருஷம் கேடயம் கொடுத்தார்கள்.

அந்தக் கேடயக் கதையைச் சொல்லாவிட்டால் லேபிள் கதை உங்களுக்குப் புரியாது. போன வருஷம் எங்கள் துறையில் பெரிய கருத்தரங்கு. வருகிறவர்கள் பேர் பதிய ஒரு புரோகிராம் வேண்டும். முழுக்க நான் எழுதினேன். மேடைக்கு 'மாணவர்கள் சார்பாக' என்று ஜெபராஜைக் கூப்பிட்டார்கள். கைதட்டல், கேடயம், போட்டோ. நன்றியுரையில் என் பேரும் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். எப்படி வந்தது? 'மற்றும் மங்கை.' மங்கையாம்! என் பேரில் பாதிகூட இல்லை அது. ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர்களிடம், "அது எம்மவதான், மங்கைன்னு சொன்னாங்கல்லா, அது எம்மவதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கு முடிவு செய்தேன். இனிமேல் என் கையால் செய்த எதுவும் என் முழுப் பேர் இல்லாமல் வெளியே போகாது.

சிவகாசியில் என் தாய்மாமா பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற அச்சகத்தில் இருக்கிறார். சிடிக்கு லேபிள் வேண்டும் என்றேன். சாதாரணமாக சிடி லேபிள் மெல்லிசாக, வட்டமாக, சுற்றிலும் வரும். மாமா, "வட்டத்துல உன் பேர் சுத்திக்கிட்டே போவும் மருமவளே, படிக்கவனுக்குத் தலை கிறங்கும்" என்று சொல்லி, பிறைநிலா மாதிரி, ஒரு பாதியில் மட்டும் வருகிற மாதிரி அடித்துக் கொடுத்தார். பாருங்களேன், கீழ்ப் பாதியில் மட்டும்தான் இருக்கிறது. பட்டாசுப் பெட்டிக்குப் போடுகிற அதே கனத்த அட்டை, மேலே வார்னிஷ், தங்க ஓரம். பிடித்துப் பாருங்கள், கனம் தெரிகிறதா? "சிடி உடைஞ்சாலும் உம்பேரு உடையாது" என்றார் மாமா. ஓரம் லேசாகத் தூக்குகிறது, விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும்.

ஃபௌசியா என் அறைத்தோழி. கடையநல்லூர்க்காரி. வகுப்பில் வாயைத் திறக்க மாட்டாள், அறைக்கு வந்தால் வாயை மூட மாட்டாள். அவள் பார்க்கத்தான் எங்கள் ஹாஸ்டல் அறைக் கம்ப்யூட்டரில் சிடியை எழுதினேன். எழுதினதும் போட்டுப் பார்த்தேன். கோயில் மணி மாதிரி கணீரென்று எழுந்து வந்தது. வெளியே எடுத்தேன், லேபிளை ஒட்டினேன், கவரில் போட்டேன், லேபுக்குக் கொண்டுபோனேன். இதில் எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா?

மாதிரித் தேர்வுக்கு இன்னும் நாள் இருந்தது; ஒத்திகையாக லேபில் முதல் மிஷினில் போட்டேன். வகுப்பே சுற்றி நிற்கிறது. உள்ளே சிடி சுற்ற ஆரம்பித்தது. முதலில் ஒரு முனகல். வேகம் பிடித்ததும் ஒரு உதறல் உதறியது பாருங்கள், மேஜைமேல் இருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. திரையில் இரண்டு வரி வந்தது. அப்புறம் 'படிக்க முடியவில்லை, படிக்க முடியவில்லை' என்று அதே செய்தி வரிசையாக.

ஜெபராஜுக்கு வாய் வந்துவிட்டது. "சார், மேடம் சிடிக்குச் சாமி வந்துட்டு! யாராவது திருநீறு குடுங்கல!"

எல்லோரும் சிரித்தார்கள். குருபாதம் சாரும் சிரித்தார். "வேற மிஷின்ல போட்டுப் பாரும்மா" என்றார். போட்டேன். அங்கேயும் சாமி. அடுத்ததிலும் சாமி. இருபது மிஷினிலும் அதே ஆட்டம்.

வேறு யாராவது இருந்தால் அன்றைக்கே அழுதுவிட்டுப் போயிருப்பார்கள். நான் முறைப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கம்ப்யூட்டர் எழும்போது முதலில் எதைத் தேட வேண்டும் என்று அதனிடம் சொல்லி வைக்கலாம். லேபில் எல்லாம் ஹார்டு டிஸ்க்கை முதலில் தேடும்படி இருந்ததை, சிடியை முதலில் தேடும்படி ஒத்திகைக்கு முன்பே ஒவ்வொன்றாக உட்கார்ந்து மாற்றி வைத்திருந்தேன்; அதை மறுபடியும் சரிபார்த்தேன். இறக்கிய ஃபைல் முழுசாக வந்திருக்கிறதா என்று சரிபார்க்க நீளமாக ஒரு எண் கொடுத்திருப்பார்கள். எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன், சரியாக இருந்தது. வேகமாக எழுதினால் பிழை வரும் என்று இருப்பதிலேயே மெதுவான வேகத்தில் எழுதினேன். வெற்று சிடியையே வேறு கம்பெனிக்கு மாற்றினேன். சிடியைப் படிக்கிற டிரைவின் லென்ஸைப் பஞ்சால் துடைத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒழுங்கு தவறவில்லை அக்கா: அறையில் எழுதுவேன், அறையில் போட்டுப் பார்ப்பேன், ஓடும், லேபிளை ஒட்டுவேன், லேபுக்குக் கொண்டுபோவேன், சாமியாடும். அறையில் ஓடுகிறது, லேபில் ஓடவில்லை. அப்படியானால் கோளாறு எதில்? லேபில்! சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

ஏன் லேபிளையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்? அழகாகத்தான் இருக்கும், எல்லோரும் சொல்வார்கள்.

இதை அப்படியே குருபாதம் சாரிடம் சொன்னேன். "சார், இருபது டிரைவும் கெட்டுப்போயிருக்கு. மாத்தணும்."

"இருபதும் கெட்டு உன் சிடி ஒண்ணு மட்டும் நல்லா இருக்கோம்மா?"

"இருபது பேர் சேர்ந்து சொன்னா பொய் உண்மையாயிடுமா சார்?"

கண்ணாடி கழன்றது.

அறைக்கு வந்தால் ஃபௌசியா ஆரம்பிப்பாள். "ஏட்டி, இந்தத் தடவை லேபிள் ஒட்டாம ஒண்ணு கொண்டுபோய்ப் பார்ப்போமா?"

"எதுக்கு? மறுபடியும் 'மற்றும் மங்கை'ன்னு சொல்லவா?"

"சரி, ஒட்டினதை நம்ம ரூம்லயே ஒரு தடவை போட்டுப் பாரேன்."

"அதான் போட்டேனே. ஓடிச்சே. நீயும்தான பாத்தே."

"அது ஒட்டறதுக்கு முன்னாடிட்டி."

"ஒட்டறதுக்கு முன்னாடி ஓடின சிடி, ஒட்டினதுக்கு அப்புறம் வேற சிடியா ஆயிடுமா? தர்க்கம்னு ஒண்ணு இருக்கு ஃபௌசி."

அதோடு லேபிள் பேச்சை விட்டுவிட்டாள். ஒத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். சதி என்று அப்போது தெரியவில்லை.

மாதிரித் தேர்வு நாள் வந்தது. குருபாதம் சார் மேஜையில் வெள்ளைக் காகிதத்தை முன்கூட்டியே கத்தையாக அடுக்கி வைத்திருந்தார். புதிதாக எழுதிய சிடி, புதிதாக ஒட்டிய லேபிள். முதல் மிஷினில் போட்டேன். முனகல். உதறல். 'படிக்க முடியவில்லை.' ஜெபராஜ் இந்தத் தடவை வாயால் உடுக்கை அடித்தான். சார் பெருமூச்சு விட்டார். "போதும்மா. முயற்சி செஞ்சே, சந்தோஷம். பேப்பரை எடுத்துக் குடுங்கப்பா."

காகிதம் முதல் வரிசைக்கு வந்துவிட்டது. எனக்குப் பக்கத்திலிருந்த பெண் 'அவுட்புட்' என்று எழுதி அடியில் கோடுகூடப் போட்டுவிட்டாள். அப்போது பின் வரிசையிலிருந்து ஃபௌசியா எழுந்தாள். அவள் எழுந்து நான் பார்த்ததே இல்லை. பையிலிருந்து ஒரு அடுக்கு சிடியை எடுத்தாள். மொட்டையாக இருந்தது அக்கா, ஒன்றும் ஒட்டாமல், மார்க்கர் பேனாவால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் மட்டும். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மிஷினுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனாள்.

எழுந்து வந்தது. ஒவ்வொன்றாக. சத்தமே இல்லை. இருபது திரையிலும்.

நான் என் முன்னால் இருந்த மிஷினில் தேதியைக் கேட்டேன். அது அன்றைய தேதியைச் சொன்னது. குடியரசு தினம் இல்லை. அன்றைய தேதி, அன்றைய கிழமை, அந்த நிமிஷம். அதே கேள்வியை இன்னும் இரண்டு தடவை கேட்டேன். அதை விடுங்கள்.

குருபாதம் சார் ஒவ்வொரு திரையாகக் குனிந்து பார்த்தார். காகிதக் கத்தையைத் திரும்ப உள்ளே வைத்தார். வைத்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "பரவால்லையே, ஃபௌசியா சிடி நல்லா ஓடுதே!"

"மங்கையர்க்கரசி செஞ்சது சார்" என்று ஃபௌசியா சொன்னாள். சொன்னாள்தான், நான் மறைக்கவில்லை. ஆனால் வாய்க்குள்ளே சொன்னால் சாருக்கு எப்படிக் கேட்கும்? அவர் அதற்குள் அடுத்த திரைக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலத்துக்குள் வகுப்பு முழுக்க, வராந்தா முழுக்க, பக்கத்துத் துறையில்கூட, ஃபௌசியா சிடி, ஃபௌசியா சிடி.

அறைக்கு வந்து கேட்டேன். "யாருடைய ஃபைல் அது?"

"உன்னுதுதான்."

"எந்த மிஷின்ல எழுதினே?"

"உன் மிஷின்லதான். நீ சொன்ன அதே மெது வேகத்துலதான். நீ லைப்ரரிக்குப் போயிருந்தப்போ."

"அப்போ என் சிடிக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?"

"நான் லேபிள் ஒட்டலை. அவ்வளவுதான்ட்டி."

ஒத்துக்கொண்டாள் பார்த்தீர்களா! என் பேரை எடுத்துவிட்டேன் என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். ஆனால் அதை ஒரு குற்றமாகவே நினைக்கவில்லை. கனம், ஒரு பக்கம் சாய்வு, சுற்றும்போது ஆட்டம் என்று என்னென்னவோ சொன்னாள். என்னிடம் அறிவியல் பேசுகிறாள்! லேபில் அவள் சிடி ஓடியது என்றால் ஏன்? ஒவ்வொரு மிஷினிலும் உட்கார்ந்து, சிடியை முதலில் தேடு என்று மாற்றி வைத்தது யார்? பஞ்சால் துடைத்தது யார்? நான் போட்டு வைத்த ரோட்டில் அவள் செருப்புத் தேயாமல் நடந்து வந்தாள், அவ்வளவுதான்.

மறுநாள் இதை வகுப்பில் கேட்டேன். ஜெபராஜ் குறுக்கே விழுந்தான்: "நீங்கதான மேடம் க்ளாஸ் செமினார்ல சொன்னீங்க, இது யாருக்கும் சொந்தமில்லை, யாரும் நகல் எடுக்கலாம்னு?"

"நகல் எடுக்கிறது வேற, பேரை எடுக்கிறது வேற."

"அப்போ அந்த லினக்ஸை எழுதின ஆயிரம் பேரு பேரு? அதை நீங்க எங்க ஒட்டியிருக்கீங்க?"

இதெல்லாம் ஒரு கேள்வியா? ஆயிரம் பேர் பேரை ஒட்ட சிடியில் இடம் ஏது? என் ஒரு பேருக்கே பாதி போய்விட்டது.

குருபாதம் சார் சமாதானத்துக்கு வந்தார். "ஏம்மா, உனக்குப் பேருதான வேணும்? அந்த மார்க்கர் பேனாவாலேயே ஒவ்வொண்ணுலயும் எழுதிக்கோயேன்." மார்க்கர் பேனா! ஊறுகாய் பாட்டிலில் 'நார்த்தங்காய்' என்று எழுதி வைக்கிற மாதிரி! ஜெபராஜுக்குக் கேடயத்தை மார்க்கரிலா எழுதிக் கொடுத்தீர்கள் சார் என்று கேட்டேன். துடைத்தார். துடைத்துக்கொண்டே போனார்.

வருகிற திங்கட்கிழமை நிஜத் தேர்வு. வெளியூரிலிருந்து எக்ஸாமினர் வருகிறார். எங்கள் துறையில் முதல் தடவையாக யூனிக்ஸ் தேர்வு மிஷினில் நடக்கப்போகிறது, என்னால். ஆனால் அவர் காதில் விழப்போவது எந்தப் பேர்? அதனால்தான் சிவகாசிக்குப் போகிறேன். மாமாவிடம் போனில் சொல்லிவிட்டேன், இருபது லேபிள். இந்தத் தடவை எழுத்துகளைப் புடைத்து நிற்கிற மாதிரி அடித்துத் தருகிறேன், இன்னும் கொஞ்சம் கனத்த அட்டையில் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ஓடிய அந்த மொட்டை சிடி இருபதும் லேப் பீரோவில் இருக்கிறது. சாவி என்னிடம்தான். வகுப்புப் பிரதிநிதி நான்தானே. ஞாயிற்றுக்கிழமை போய் ஒவ்வொன்றாக ஒட்டிவிடுவேன். திங்கட்கிழமை காலையில் எக்ஸாமினர் எந்த மிஷினைத் திறந்தாலும் என் பேர் தெரிய வேண்டும்.

அந்தா, சாத்தூர் வந்துவிட்டது. பையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிமிஷம், கடைசியையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

இன்றைக்குக் காலையில் ஃபௌசியா பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். வழியனுப்ப என்று நினைத்தேன். ஜன்னலுக்குக் கீழே நின்று, "பீரோ சாவியைக் குடுத்துட்டுப் போட்டி" என்றாள். மாட்டேன் என்றேன். "திங்கக்கிழமை வரைக்கும் மட்டும் குடு. அப்புறம் எத்தனை வேணும்னாலும் ஒட்டிக்கோ, நானே வந்து ஒட்டித் தாரேன்" என்று கெஞ்சினாள். நான் விடவில்லை. ஃபைல் என்னுடையது, மிஷின் என்னுடையது, சாரோடு சண்டை போட்டது நான், என் பேர் இருப்பதில் உனக்கு என்னடி இடைஞ்சல், இதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்லு என்று கேட்டேன். பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தாள். அவ்வளவு வாதத்துக்கும் சேர்த்து அவள் கொடுத்த பதில் இதுதான் அக்கா:

"ஏட்டி மங்கையர்க்கரசி, உன் ஃபைல் ஓடுது, உன் மிஷின் ஓடுது, நீ சொன்னது அத்தனையும் ஓடுது. உன் பேர் ஒட்டினது ஒண்ணுதான்ட்டி ஓட மாட்டேங்குது!"